கிழக்குச் சித்தூரின் கள்ளிவேலிகள்

பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைகிற தென்மேற்குப் பருவமழை, சித்தூரைத் தாண்டுவதற்குள் பாதி தீர்ந்துவிடும். அங்கிருந்து கிழக்கே நல்லேப்பிள்ளி, கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, ஒழலப்பதி, வேலந்தாவளம் என்று போகப் போக மண் கறுக்கும், பனை கூடும், கடைத்தெருப் பேச்சு தமிழாகும். சோளமும் கம்பும் கடலையும் பருத்தியும் விளைந்த பூமி இது. 1949 வரை கொச்சி ராஜ்ஜியத்தின் ஒரு துண்டாக, பிரிட்டிஷ் மலபாருக்கும் கோயம்புத்தூர் ஜில்லாவுக்கும் நடுவே தனித்து நின்ற தாலுகா. 1957 ஜனவரியில் பாலக்காடு மாவட்டம் பிறந்த பிறகுதான் அக்கம்பக்கத்து ஊர்களோடு ஒரே மாவட்டமானது.

சித்தூரின் வரலாறு என்று பேச்செடுத்தால் கொங்கன்படைத் திருவிழா வரும். சோகநாசினி ஆற்றங்கரையில் கடைசிக் காலத்தைக் கழித்த துஞ்சத்து எழுத்தச்சன் வருவார். வரட்டும், அவையெல்லாம் பெரிய விஷயங்கள்தான். ஆனால் இந்த வறண்ட கிழக்கில் பிறந்து, இங்கேயே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். எழுதாமல் விட்டால் என் தலைமுறையோடு போய்விடுமே என்று நான் பதறுவது வேறொன்றுக்காக. குச்சியை ஒடித்து நட்டு, உயிருள்ள வேலி வளர்த்த கைவேலை அது.

வேலி இங்கே அலங்காரமாக வந்ததல்ல. ஒரு பக்கம் கடலைக்காடு, மறுபக்கம் மேய்ச்சல் நிலம், நடுவே வண்டித்தடம். ஆடும் மாடும் காலையில் ஒரு தடம், மாலையில் ஒரு தடம் அந்த வழியாகப் போய்வரும். ஒரு முழம் சந்து இருந்தாலும் போதும், வெள்ளாடு புகுந்துவிடும். மூங்கில் படல் கட்டினால் கரையான் தின்றுவிடும். மரம் நட்டு வளர்க்கலாம் என்றால் மாசிக்குப் பிறகு ஊற்றத் தண்ணீர் இல்லை. ஆகவே வேலியானது தானே நின்று, தானே தண்ணீர் சேர்த்துக்கொண்டு, ஆடு வாய்வைக்காததாக இருக்கவேண்டும். அந்தக் கணக்குக்கு ஒத்துவந்தவை திருகுகள்ளி, சதுரக்கள்ளி, கிளுவை ஆகிய மூன்றும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரங்களையும் சுற்றி இன்றும் கிளுவைவேலி நிற்கிறது. அதே கொங்கு வழக்கம்தான் எல்லை தாண்டி எங்கள் ஊர்வரை வந்தது. கள்ளிமேல் பிரண்டை படரும், கோவைக்கொடி படரும், முடக்கத்தான் படரும். துவையலுக்கும் ரசத்துக்கும் ஆத்தா வேலிக்குத்தான் போவாள்.

எங்கள் அப்பாரு வேலி வைப்பதில் பேர்போனவர். பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து கூட்டிப்போவார்கள். அவர் கூடவே திரிந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

கிளுவைக்குக் காலம் மாசி, பங்குனி. அப்போது கிளுவையில் ஒரு இலை இருக்காது, பட்டுப்போனதென்று நினைக்கத் தோன்றும். அந்த நேரத்தில்தான் கைத்தண்டைப் பருமனில், நெஞ்சுயரத்தில் போத்து வெட்டுவார். இலைவிட்ட பிறகு வெட்டினால் இருக்கிற தண்ணீரையெல்லாம் இலை குடித்துவிடும், வேருக்கு ஒன்றும் மிஞ்சாது. வெட்டிய போத்தைப் புளியமரத்து நிழலில் அடுக்கிவைத்துவிட்டு, சித்திரையில் முதல் கோடைமழை மண்ணை நனைத்ததும் கடப்பாரையால் குழிபோட்டு நடுவார்.

கள்ளிக்கு வைகாசி. நல்ல வெயில் நாளாகப் பார்த்து, கணுவை ஒட்டி ஒரே வெட்டில் வெட்டவேண்டும். நசுங்கினால் அழுகல் உள்ளே போகும். வெட்டியவுடன் பால் பீச்சும். சிறுபிள்ளைகளை அந்தப் பக்கமே விடமாட்டார். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கள்ளிப்பால் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்குப் பெண்சிசுக் கொலைதான் நினைவுக்கு வரும். அந்தக் கொடுமைக்குப் பழி ஏற்கவேண்டியது அதைப் புகட்டிய கைகளே தவிர, வேலியில் நின்ற செடி அல்ல.

வெட்டிய துண்டை உடனே நடமாட்டார். வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு, மாட்டுக்கொட்டகை ஓரத்தில் காற்றோட்டமாகச் சாய்த்துவைப்பார். “பால் வத்தாத கள்ளிய மண்ணுல வெச்சா அழுகிப்போயிரும் கண்ணு. அது மொதல்ல ஆறோணும்” என்பார். பத்துப் பதினைந்து நாளில் வெட்டுவாய் உள்வாங்கி, புண் ஆறிப் பொருக்குக் கட்டுவதுபோல் தவிட்டு நிறத்தில் தோல் கட்டிவிடும். விரலால் தட்டினால் கட்டை தட்டுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் நடலாம். சில துண்டுகளில் தோலின் ஓரமாக வெள்ளையாகச் சின்னஞ்சிறு முனைகள் தெரியும். மண்ணையும் தண்ணீரையும் பார்க்காமலே வேர் புறப்பட்டிருக்கும். நிழலில் கிடந்த அந்த நாட்களில் அந்தத் துண்டு தன் உடம்பிலிருந்த ஈரத்தை வைத்துத்தான் அத்தனையும் செய்தது.

வரப்பை முழங்கால் உயரத்துக்கு மண் ஏற்றி, அதன்மேல் ஒரு சாணுக்கு ஒன்றாக, ஒன்று கிழக்கே சாய்ந்தால் அடுத்தது மேற்கே சாயும்படி குறுக்குமறுக்காக நடுவார். சேருமிடத்தில் ஆனைக்கற்றாழை நாரால் கட்டு. நட்ட அன்று தண்ணீர் கிடையாது, அடுத்த வாரமும் கிடையாது. ஆனிச் சாரல் விழட்டும், அதுவே போதும் என்பார். ஆடி வந்துவிட்டால் கணவாய்க் காற்று சும்மா விடாது. வேர் பிடிக்காத துண்டு ஆடி ஆடியே செத்துவிடும். ஊரெல்லாம் ஆடிப்பட்டம் தேடி விதைக்கும்போது, அப்பாருவின் வேலி வேலை முடிந்து மண்வெட்டி கழுவி வைக்கப்பட்டிருக்கும்.

பிறகு வரும் சோதனை ஐப்பசி. இடியும் மின்னலுமாகப் பெய்கிற அந்த மழையில் எங்கள் கருமண் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். புதுவேலி அழுகுவது கோடையில் அல்ல, இந்த மாதத்தில்தான். வரப்பை உயர்த்தியதற்கும் ஓரத்தில் வடிகால் கீறியதற்கும் காரணம் இதுவே. அடித்தண்டு கொழகொழவென்று ஆன துண்டைப் பிடுங்கி, அழுகல் தெரியாத இடம் வரும்வரை மேலே மேலே அறுத்து, மறுபடி நிழலில் காயப்போட்டு, தை பிறந்த பின் வேறு இடத்தில் வைப்பார். ஒரு துண்டையும் வீணாக்கமாட்டார். கார்த்திகை, மார்கழியில் கிழக்கேயிருந்து அடிக்கிற உலர்காற்றில் ஈரமெல்லாம் வற்றும். அப்போது கவாத்து. கவாத்தில் விழுந்த கிளைகள் அடுத்த வைகாசிக்கான இருப்பு ஆகும்.

இந்த அறிவுக்கு வயது எவ்வளவு என்று தேடினால் நல்ல சான்று கொச்சியிலேயே கிடைக்கிறது. கொச்சியில் டச்சுக்காரர்களின் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், மலபார்ச் செடிகளைப் பற்றி 12 தொகுதிகளில் ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்ற நூலை 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியிடச் செய்தார். சேர்த்தலைப் பக்கத்து வைத்தியர் இட்டி அச்சுதன் சொன்ன செய்திகள் அதன் முதுகெலும்பு. 1679இல் வந்த இரண்டாம் தொகுதியில் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, நாங்கள் திருகுகள்ளி என்கிற திருக்கள்ளி மூன்றும் படத்தோடு இருக்கின்றன. 1753இல் லின்னேயஸ் திருக்கள்ளி என்ற ஊர்ப்பெயரையே அறிவியல் பெயரில் வைத்துக்கொண்டார். அந்தச் செடியின் தாயகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவரவியலார். அரபிக்கடலைத் தாண்டி அது விதையாக வந்திருக்காது, குச்சியாகவே வந்திருக்கும் என்பது என் எண்ணம். பாய்மரக் கப்பலின் ஏதோ ஒரு மூலையில் மாதக்கணக்கில் கிடந்து, கரையில் இறங்கி வேர்விடக்கூடிய செடி அது.

எப்படி அத்தனை நாள் உயிரோடு கிடக்கிறது? இதற்கு விடை தேடும் வழியில் முதல் தடயம் கிடைத்ததும் தென்னிந்தியாவில்தான். தரங்கம்பாடிக்கு மதப்பணிக்காக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர், ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதே செடி. விடியற்காலையில் நல்ல புளிப்பு, நடுப்பகலில் சுவையே இல்லை, சாயங்காலம் லேசான கசப்பு. இதை 1813இல் லண்டன் லின்னேயன் சங்கத்தைச் சேர்ந்த லாம்பர்ட்டுக்கு எழுதினார். 1815இல் சங்கத்தின் இதழில் அச்சானது. சதைப்பற்றுள்ள செடிகள் பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காற்றை வாங்கி, அதைப் புளிப்பு அமிலமாகச் சேமித்துவைக்கின்றன என்பதும், பகலில் அந்த இருப்பை எடுத்து உணவு சமைக்கின்றன என்பதும் அதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் முழுதாகத் தெளிந்தது. நானும் எங்கள் கிணற்றடி ரணகள்ளியில் ஒரு துணுக்கை விடியலிலும் உச்சிவேளையிலும் நாக்கில் வைத்துத் துப்பிப் பார்த்திருக்கிறேன். அவர் எழுதியது அப்படியே சரி. பகலில் தண்ணீரை வெளியே விடாத உடம்பு என்பதால்தான் அப்பாருவின் கள்ளித் துண்டு கொட்டகை ஓரத்தில் வேரில்லாமல் உயிரோடு கிடந்தது.

வெள்ளைக்காரர்களும் இந்த வேலிகளைக் கவனித்தார்கள். முதலில் அவர்கள் கவனித்தது போருக்காக. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியைச் சுற்றி முள்செடிகளால் எல்லைவேலி வளர்த்து, வில்லியனூர், உழவர்கரை, அரியாங்குப்பம் பக்கங்களில் சிறு கோட்டைகளையும் வைத்திருந்தார்கள். 1760 முற்றுகையில் ஆங்கிலேயர் முதலில் அதைத்தான் தாண்டவேண்டியிருந்தது. 1792இல் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் அப்படி ஒரு வேலி எதிர்ப்பட்டது. பின்னாளில் சென்னை மாகாண வனத்துறையை உருவாக்கிய ஹியூ கிளெக்ஹார்ன், 1850இல் எடின்பரோவில் கூடிய அறிவியல் மாநாட்டில் இந்திய வேலிச்செடிகளைப் பற்றியே ஒரு கட்டுரை படித்தார். எந்த மண்ணுக்கு எந்தச் செடி என்று பார்த்து எழுதிய கட்டுரை அது. 1862இல் சென்னை ரயில்பாதை போத்தனூர், பாலக்காடு வழியாக மேற்குக் கடற்கரையைத் தொட்டது. பாதையோரம் மாடு ஏறாமலிருக்க ஆனைக்கற்றாழை நடுவது வழக்கமானது. அமெரிக்காவிலிருந்து வந்த அந்தக் கற்றாழையின் பக்கக்கன்றுகள்தான் ரயில்கரையிலிருந்து எங்கள் தோட்டங்களுக்கு வந்து, வேலி கட்டுகிற நாராகவும் ஆயின.

இதுவரை சொன்னது நல்ல கதை. குச்சி ஒடித்தால் வேர்விடும் என்ற இதே குணம் பெருநாசமாக மாறிய கதையும் நம்முடையதுதான். நாகதாளி என்றும் சப்பாத்திக்கள்ளி என்றும் நாம் சொல்கிற செடியின் கதை.

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் துணிகளுக்கும் படைவீரர் சட்டைகளுக்கும் வேண்டிய உயர்ந்த சிவப்புச்சாயம் மெக்சிகோவிலிருந்து வந்தது. சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்துப் பொடித்த சாயம். ஸ்பானியர்கள் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், அந்தச் சாயத்தை இங்கேயே எடுத்துவிடலாம் என்று 1780களில் லண்டனுக்குக் கடிதமேல் கடிதம் எழுதினார். ஜோசப் பேங்க்ஸ் கியூ தோட்டத்திலிருந்து செடிகளை அனுப்பினார். சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் எழுந்தது, ஆண்டர்சனின் மருமகன் முறையான ஆண்ட்ரூ பெரி அதைக் கவனித்துக்கொண்டார். அங்கிருந்து துண்டுகள் பல ஊர்களுக்குப் போயின. நட்டவர்களுக்குச் சிரமமே இல்லை, ஒரு மடலைத் தரையில் போட்டால் போதும்.

பூச்சி வந்தது 1795இல். நீல்சன் என்ற படைத்தலைவர் ரியோ டி ஜெனீரோவிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். ஆனால் வந்தது மெக்சிகோவின் நல்ல ரகம் அல்ல, மட்டமான சாயம் தருகிற காட்டு ரகம். சாயத் தொழில் நிமிரவே இல்லை. பூச்சி மட்டும் பெருகி, நாட்டில் பரவியிருந்த ஒருவகைச் சப்பாத்தியைத் தின்று தீர்த்தது. 1836, 1838 வாக்கில் அதே பூச்சியைக் களையழிப்பதற்கென்றே தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1860களில் இங்கிருந்து இலங்கைக்கும் போனது. களையை அழிக்கப் பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தெரிந்தே அனுப்பியதில் உலகிலேயே முதல் முயற்சிகளில் ஒன்று இது.

ஆனால் வேறொருவகைச் சப்பாத்தியை அந்தப் பூச்சி தொடவில்லை. அதுதான் தமிழ்நாட்டுக் கரிசலையும் செம்மண்ணையும் வளைத்துக்கொண்டது. மாட்டின் விலாவில் ஒட்டிக்கொண்டு போன மடல் அது விழுந்த இடத்தில் வேர்விட்டது. வெள்ளத்தில் மிதந்துபோன மடல் ஆற்றுப்படுகையில் வேர்விட்டது. வெட்டிப்போட்ட மடல் வெட்டிய இடத்திலேயே பத்தாக வேர்விட்டது. வேலியாக வைத்தது வயலுக்குள் நடந்து வந்தது, ஊர்ப்பொதுவெல்லாம் முட்காடானது. பஞ்ச காலத்தில் முள்ளைத் தீயில் பொசுக்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்பது ஒன்றே அதன் கணக்கில் எழுதத்தக்க நன்மை. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் பூச்சி தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பூச்சி பிடித்த மடலைக் கொண்டுபோய் நல்ல புதர்மேல் வைத்தால் வேலை முடிந்தது. வெண்பஞ்சு ஒட்டியதாகத் தெரியும், நசுக்கினால் விரல் சிவக்கும், சில மாதத்தில் புதர் சாய்ந்துவிடும். ஐந்தாறு ஆண்டுகளில் சுமார் ஒரு லட்சம் ஏக்கர் விடுபட்டது. “எங்க சின்ன வயசுல சப்பாத்தி வெந்து விழுந்துச்சு, ஊரே மூக்கப் பொத்துச்சு” என்று அப்பாரு சொல்வார். ஆஸ்திரேலியா இதே சப்பாத்தியோடு பட்ட பாட்டை உலகம் முழுக்கப் பாடமாகச் சொல்கிறார்கள். நம் மாகாணம் பட்ட பாட்டையும் மீண்ட விதத்தையும் நம் பாடநூல்களில் நான் சொல்லிக்கொடுத்த காலமெல்லாம் தேடியும் காணவில்லை. இது எனக்கு ஆறாத குறை.

இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் எங்கள் வேலிக்காரர்களின் மதிப்பு தெரிகிறது. அவர்களும் வெளியிலிருந்து வந்த செடியை நட்டவர்களே. ஆனால் திருகுகள்ளி நட்ட வரப்பைவிட்டு இறங்கவில்லை. ஆண்டுக்கொரு கவாத்து, விழுந்த துண்டைப் பொறுக்கி எடுத்தல், அண்டை நிலத்துக்காரரிடம் கேட்டு எல்லையில் நடுதல் என்று அதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. சப்பாத்தியை நட்டுப் பரப்பியவர்களிடம் இல்லாமல் போனது அந்த ஒழுங்குதான்.

கிழக்குச் சித்தூரில் வேலிகள் போனதற்குச் செடிமேல் குற்றமில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் ஒப்பந்தம் 1970 மே மாதம் கையெழுத்தாகி, 1958 நவம்பரிலிருந்தே செல்லும் என்று ஆனது. மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு என்பது அதன் ஒரு விதி. மூலத்தறைத் தடுப்பணை வழியாகத் தண்ணீர் எட்டிய இடங்களில் கடலையும் கம்பும் போய் நெல்லும் கரும்பும் தென்னையும் வந்தன. எட்டாத இடங்களில் ஆழ்துளைக் கிணறு வந்தது. மாட்டு மந்தை குறைந்தது. நிலத்தின் விலை ஏற ஏற, வேலி அடைத்துக்கொள்கிற மூன்றடி அகலம் பெரிதாகத் தெரிந்தது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து விவசாயி ஜோசப் கிளிடன் 1874இல் உரிமம் வாங்கிய முள்கம்பி, கல்காலோடு சேர்ந்து எங்கள் வரப்புகளில் ஏறிவிட்டது. கம்பிவேலியில் பிரண்டை படர்வதில்லை. கீரிக்கும் ஓணானுக்கும் காடைக்கும் அதில் இடமில்லை. இடுக்கி எல்லையில் சின்னாறு சரணாலயத்து முட்காட்டுக்குப் போனால் கள்ளியும் வெள்வேலும் இன்னும் தம்மிஷ்டத்துக்கு நிற்பதைப் பார்க்கலாம். வயலோரத்தில் பார்ப்பதுதான் அரிதாகிவிட்டது.

இன்னொரு பக்கம், இதே கள்ளிக்குடும்பம் மண்ணுத்தி நர்சரிகளிலிருந்து சின்னச் சின்னத் தொட்டிகளில் சக்குலண்ட் என்ற பெயரோடு எங்கள் ஊர் வீடுகளின் மாடிக்கு வந்துவிட்டது. என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் வளர்க்கிறார்கள். “டீச்சர், இலை எல்லாம் கொழகொழன்னு விழுதுங்க, தினமும் தண்ணி ஊத்துறனுங்களே” என்று கேட்டு வருகிறார்கள். தினமும் ஊற்றுவதே நோய் என்று சொல்லி, அப்பாருவின் முறையை அப்படியே சொல்லிக்கொடுக்கிறேன். சுத்தமாக வெட்டு, நிழலில் ஆறவிடு, தோல் கட்டிய பிறகு ஆற்றுமணல் கலந்த மண்ணில் வை, வேர் பிடிக்கும்வரை தண்ணீரை மறந்துவிடு, ஐப்பசியில் தாழ்வாரத்துக்குள் எடுத்துவை, மார்கழிக் காற்றில் மண் காய்ந்த பின்னும் இரண்டு நாள் பொறு. தொட்டிச்செடிக்கும் வரப்பு வேலிக்கும் இந்த முறையில் வித்தியாசமே இல்லை.

அவர்களிடம் கேட்டுக்கொள்வதை உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். சாலையை அகலப்படுத்தவோ மனை பிரிக்கவோ எங்காவது பழைய கள்ளிவேலியைப் பொக்லைன் வைத்துப் பெயர்க்கிறார்கள் என்றால், நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு, கண்ணையும் கையையும் காத்துக்கொண்டு, முழங்கை நீளத்தில் நாலு துண்டு எடுத்துவாருங்கள். கிளுவை கிடைத்தால் இன்னும் நல்லது. சப்பாத்தி மடலை மட்டும் வயலோரத்தில் வைக்காதீர்கள், தொட்டியைவிட்டு அது இறங்கவே கூடாது. மற்றவற்றை வைகாசிவரை நிழலில் சாய்த்துவைத்து, ஆனிச் சாரலுக்கு முன்னால் உங்கள் நிலத்தின் ஒரு பக்க எல்லையிலாவது நட்டுவிடுங்கள்.